பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கப் போகும் பெற்றோருக்கு



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் உங்களில் பலர் சைக்கிள் கடைக்குப் போவீர்கள். சீட்டு எடுத்த பணமோ, நெல் போட்ட பணமோ, மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்ததோ, எட்டாயிரம் பத்தாயிரம் கையில் இருக்கும். எந்தச் சைக்கிள் என்பதைப் பிள்ளை முன்பே முடிவு செய்து வைத்திருக்கும். தடித்த டயர், முன்னால் ஷாக், முடிந்தால் சீட்டுக்கு அடியிலும் ஒரு ஷாக், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், ஹேண்டில்பாரில் கியர். கடைக்காரரும் அதைத்தான் வாசலில் வரிசையாக நிறுத்தியிருப்பார். பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் சரி என்று சொல்லிவிடுவீர்கள். சொல்வதற்கு முன் என் பேச்சைக் கொஞ்சம் கேளுங்கள் என்று வேண்டிக்கொள்ளத்தான் இந்த மடல்.

நான் சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறவன். டெல்டாவில் ஒரு சிற்றூர். என் அப்பா மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் விட்ட அதே கொட்டகையில் இப்போது நான் ஸ்பேனர் பிடிக்கிறேன். புதுச் சைக்கிள் விற்பதில்லை. எந்தக் கம்பெனிக்கும் ஏஜெண்ட் இல்லை. நீங்கள் எதை வாங்கினாலும் அது கடைசியில் என்னைப் போன்ற ஒருவரிடம்தான் வந்து சேரும். வந்து சேர்ந்தபின் நடப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

தீபாவளி கழிந்து அடைமழையும் ஓய்ந்ததும், ஜூனில் வாங்கிய சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். பின்சக்கரம் ஆடும். மிதித்தால் கடகடவென்று சத்தம் வரும். டிஸ்க் உரசும். கியர் மாற்றினால் செயின் கழன்று விழும். தள்ளிக்கொண்டு வரும் அப்பா முதலில் சொல்வது, ‘புதுச் சைக்கிள்ண்ணே, இவன் கண்டபடி ஓட்டி ஒடச்சுட்டான்’ என்பதுதான். பையன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். பெரும்பாலும் அவன்மேல் தப்பே இருக்காது. பள்ளிக்கூடத்துக்கும் டியூஷனுக்கும் போய்வந்ததைத் தவிர அந்தச் சைக்கிளை அவன் ஒன்றும் செய்திருக்க மாட்டான். அந்தச் சாதாரண வேலையைத் தாங்கும்படி அதை யாரும் செய்யவில்லை. வாங்கித் தந்தவர் நல்ல மனசோடு வாங்கித் தந்தார், விற்றவர் விற்றுவிட்டார், செய்தவர் எங்கோ இருக்கிறார், திட்டு மட்டும் பிள்ளைக்கு. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

விலை குறைந்த சைக்கிளெல்லாம் மட்டம், விலை கூடியதெல்லாம் உசத்தி என்று சொல்ல நான் வரவில்லை. பணம் இருக்கிறவர்களுக்கு அந்த யோசனை தேவையில்லை, இல்லாதவர்களுக்கு அதனால் பயனில்லை. நான் கேட்பது, உங்கள் கையில் இருக்கும் அதே எட்டாயிரம் சைக்கிளின் எந்த இடத்துக்குப் போகிறது என்று பார்க்கச் சொல்லித்தான். அந்த விலைக்குள் இரும்பு, ரப்பர், பெயிண்ட், கூலி, லாரி வாடகை, கடைக்காரர் கமிஷன் எல்லாம் அடங்க வேண்டும். அதிலேயே இரண்டு ஷாக், இரண்டு டிஸ்க், முன்னும் பின்னும் கியர் சாமான் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுக்க வேண்டுமென்றால் எங்கிருந்தாவது பணத்தை எடுத்தாக வேண்டும். நீங்கள் பார்க்காத இடத்திலிருந்துதான் எடுப்பார்கள். ஹப்புக்குள்ளிருந்து எடுப்பார்கள், பெடல் சுழலும் பி.பி.க்குள்ளிருந்து எடுப்பார்கள், ரிம்மின் கனத்திலிருந்தும் பிரேக் ஒயரிலிருந்தும் வெல்டிங்கிலிருந்தும் எடுப்பார்கள். அதே விலையில் ஷாக்கும் டிஸ்க்கும் கியரும் இல்லாத சாதாச் சைக்கிளில் மாட்டவேண்டிய சாமான் குறைவு. ஆகவே மாட்டுகிறதைக் கொஞ்சம் நல்லதாக மாட்ட இடமிருக்கிறது. எல்லாக் கம்பெனியும் மாட்டிவிடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மாட்ட வழியாவது இருக்கிறது. மற்றதில் அந்த வழியே கிடையாது.

ஹப்பைப் பற்றி மட்டும் விவரமாகச் சொல்கிறேன், சைக்கிளின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் உருளைக்குள் இரு பக்கமும் ஒரு கப். கப்புக்குள் குண்டுகள். குண்டுகளை அணைத்துப் பிடிக்க ஆக்சிலில் திருகிய கோன். பெரும்பாலான சைக்கிள்களில் முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 சின்னக் குண்டு, பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 பெரிய குண்டு. உங்கள் பிள்ளையின் எடை, புத்தகப் பை, பின்னால் தொற்றிக்கொள்ளும் தம்பி தங்கை, எல்லாப் பாரமும் கடைசியில் இந்தக் குண்டுகள் மேல்தான் இறங்குகிறது. கோனையும் கப்பையும் பதமாகச் சூடேற்றிக் கடினமாக்கி, வழவழவென்று சாணை பிடித்திருந்தால், வருஷத்துக்கு ஒருமுறை கிரீஸ் வைத்தாலே போதும், பிள்ளை வளர்ந்து காலேஜ் போகும்வரை உழைக்கும். மலிவில் செய்த கோனுக்கு மேல்தோல் மட்டும்தான் கடினம், அதுவும் மெல்லிசு. சில மாதத்தில் அந்தத் தோல் உரிந்து குழி விழும்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கொண்டுவந்த சைக்கிளின் பின் ஹப்பைக் கழற்றினேன். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் செம்மண் நிறத்தில் ஈரத் துரு. குண்டுகளைத் துணியில் துடைத்து உள்ளங்கையில் உருட்டினால் இரண்டு மூன்று நேரே உருளாமல் ஒருபக்கமாக விலகிப் போயின. தேய்ந்து உருண்டை தப்பியிருந்தது. கோனைச் சுற்றி அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். குண்டும் கோனும் மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை. ஆனால் கப் ஹப்போடு சேர்த்து அழுத்தி இறுக்கியது, அதிலும் குழி. ஹப்பை மாற்றுவதென்றால் எல்லாக் கம்பியையும் பிரித்துச் சக்கரத்தைப் புதிதாகப் பின்ன வேண்டும், பெண்டு எடுக்க வேண்டும். அந்தச் செலவைக் கேட்டதும் அம்மா, ‘வேணாம் தம்பி, பஸ்லயே போகட்டும்’ என்று சொல்லிவிட்டார். சைக்கிள் இன்னும் என் கொட்டகைச் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. அதன் முன் ஷாக்கும் டிஸ்க்கும் பார்க்க இன்றைக்கும் புதுசுபோலவே இருக்கின்றன.

அந்த ஷாக்குக்கு வருவோம். நல்ல ஷாக் என்றால் ஸ்பிரிங் மட்டும் போதாது. அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி எழாமல் மெல்ல எழும்படி உள்ளே எண்ணெய் இருந்து கட்டுப்படுத்த வேண்டும். அப்படிப்பட்ட ஷாக் ஒன்றின் விலையே நீங்கள் வாங்கப் போகும் முழுச் சைக்கிளின் விலையைத் தாண்டும். மலிவுச் சைக்கிளில் இருப்பது இரண்டு குழாய், ஒரு ஸ்பிரிங், பிளாஸ்டிக் புஷ். குழியில் இறங்கினால் அமுங்கும், ஏறும்போது துள்ளும். புஷ் தேய்ந்ததும் முன்பிரேக் பிடித்தால் சக்கரம் முன்னும் பின்னும் ஆடும். எடையிலும் ஒரு கிலோவுக்கு மேல் கூடும். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஷாக் இதைவிடக் கேடு. பிள்ளை ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் அது அமுங்குகிறது, கால் பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங் தின்றுவிடுகிறது. ஃபிரேமை இரண்டாக வெட்டி ஒரு போல்ட்டில் கோத்திருப்பதால், போல்ட் ஓட்டை தேய்ந்ததும் சைக்கிளின் பின்பாதி தனியாக ஆடத் தொடங்கும். அதற்கு என் கடையில் வைத்தியம் இல்லை, வேறெந்தக் கடையிலும் இல்லை. நம் ரோட்டுக் குழிகளுக்கு டயரில் காற்றை அளவாக வைத்தாலே போதும்.

டிஸ்க் பிரேக்கைப் பற்றி நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். நல்ல டிஸ்க் பிரேக் நல்லதுதான், மழையில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அதில் தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தகடு கோணக் கூடாது, ஹப் ஆடக் கூடாது, ஒயர் நீளக் கூடாது. மேலே சொன்ன ஹப்பில் அந்தத் தகட்டை மாட்டினால் உரசாமல் என்ன செய்யும்? மலிவு வகையில் ஒருபக்கக் கட்டை மட்டும்தான் நகரும், அது தகட்டை வளைத்து மறுபக்கக் கட்டையில் கொண்டுபோய் அழுத்தும். கட்டை தேயத் தேய இரண்டு பக்கமும் திருகி நெருக்கிக்கொண்டே வர வேண்டும், வீட்டில் யாரும் அதைச் செய்வதில்லை. லீவர் பிளாஸ்டிக், அழுத்தினால் லீவரே வளைந்து கொடுக்கிறது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள். டிஸ்க் மாட்டிய சைக்கிளைச் செருப்புக் காலால் தரையில் தேய்த்து நிறுத்துகிற பிள்ளைகள் இருப்பார்கள். அதே விலையில் ரிம்மைப் பிடிக்கும் சாதாரண பிரேக் எவ்வளவோ மேல். ஒயரும் கட்டையும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், நிற்க வைத்தே மாற்றித் தந்துவிடலாம்.

சாதாச் சைக்கிளிலும் ஒரு குறை உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் நிற்கும். அலுமினிய ரிம் போட்டது கிடைத்தால் சில நூறு ரூபாய் கூடினாலும் அதையே கேளுங்கள். கிடைக்காவிட்டால், மழையில் முதலில் லேசாகப் பிரேக்கைப் பிடித்து ரிம்மிலிருக்கும் தண்ணீரை வழித்துவிட்டு, அப்புறம் அழுத்தப் பிள்ளைக்குப் பழக்கிவிடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

21 கியர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7. பெருக்கினால் 21 வருகிறது, ஆனால் அவற்றில் பல ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே பலன் தருபவை. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற ஊர்க்காரர்களுக்குக் கியர் வேண்டும், மறுக்க மாட்டேன். தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் எதற்கு? முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 26 அங்குலச் சக்கரம் என்றால் பெடல் ஒருமுறை சுற்றுவதற்குள் சைக்கிள் சுமார் 5 மீட்டர் போய்விடும். சமதரையில் பள்ளிக்கூடம் போக இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை, ஆற்றுப்பாலம் வந்தால் எழுந்து நின்று மிதித்தால் ஏறிவிடும். மலிவுக் கியரில் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. சைக்கிள் வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் பின்கியரைத் தாங்கும் தகடு உள்பக்கம் வளைந்துவிடும். அது தெரியாமல் பிள்ளை பெரிய பல்லுக்கு மாற்றினால் கியர் கம்பிக்குள் சிக்கி, ஓடுகிற சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். முழங்கை கிழிந்து இரத்தத்தோடு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு என் கடையில் முதலில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன்.

எந்தச் சைக்கிள் உழைக்கும் என்பதற்கு வாடகைச் சைக்கிளைவிட நல்ல சாட்சி கிடையாது. யார் யாரோ எடுத்துப் போவார்கள். அரிசி மூட்டை ஏற்றுவார்கள். பழகுகிற பிள்ளைகள் குரங்குப் பெடல் போட்டுக் கீழே தள்ளுவார்கள். ராத்திரி கொண்டுவந்து போட்டால் காலையில் மறுபடி வாடகைக்குப் போயாக வேண்டும். அதற்கென்றே அந்தச் சைக்கிளில் எல்லாம் யோசித்துச் செய்திருந்தார்கள். பாரம் பின்னால் என்பதால் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. ஹப்பின் நடுவில் எண்ணெய் விட ஒரு ஓட்டை, புழுதி போகாமல் அதை மூட ஒரு ஸ்பிரிங் கிளிப். அப்பா வாரம் ஒருநாள் சாயங்காலம் எல்லாச் சைக்கிளையும் தலைகீழாக நிறுத்தி அந்தக் கிளிப்பை விலக்கி எண்ணெய் விடுவார், வருஷத்துக்கு ஒருமுறை ஓவராயில் பண்ணுவார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அவர்கள் ஓட்டியது இந்தக் கனமான, கியர் இல்லாத, ஷாக் இல்லாத சைக்கிளைத்தான்.

மலிவுச் சைக்கிள் சீக்கிரம் கெட்டுப்போவது நம் ஊரில் மட்டும் இருக்கும் குறை இல்லை. 2022 வாக்கில் அமெரிக்காவில் சைக்கிள் மெக்கானிக்குகள் பலர் ஒன்றுசேர்ந்து ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். பெரிய கடைகளில் விற்கும் மலிவுச் சைக்கிள்கள் கெட்டுப்போவதற்கென்றே செய்யப்படுகின்றன, 90 மணி நேரம் ஓட்டுவதற்குள் தேய்ந்துவிடுகின்றன என்று அவர்களில் சிலர் சொன்னார்கள். குறைந்தது 500 மணி நேரமாவது உழைக்கும்படி செய்யுங்கள் என்று கேட்டார்கள். அந்தக் கணக்கை உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். போக அரைமணி, வர அரைமணி என்றால் அரையாண்டுப் பரீட்சை வருவதற்குள் 90 மணி முடிந்துவிடும். என் கொட்டகைக்குச் சைக்கிள்கள் வந்து குவிகிற காலமும் அதுதான். 500 மணி என்றால் ஒன்பதாம் வகுப்பில் வாங்கியது பத்தாம் வகுப்புப் பரீட்சை வரை வரும்.

இன்னும் பணம் போட முடியுமானால் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், ஓரளவு வரை. பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று போகும்போது நிஜமாகவே சில நல்லது கிடைக்கிறது. ஃபிரேம் அலுமினியம் ஆகும், சாதாச் சைக்கிளில் பதினாறு பதினெட்டு கிலோ இருப்பது பதின்மூன்று பதினான்குக்கு இறங்கும். ரிம் இரட்டைச் சுவரோடு இருக்கும், குழியில் இறங்கினாலும் சுலபத்தில் கோணாது. பி.பி. மூடிய வகையாக இருக்கும், மழைத்தண்ணீர் உள்ளே போகாது. பின் ஹப்பும் மாறுகிறது. மலிவுக் கியர் சைக்கிளில் ஏழு பல்சக்கரத்தையும் ஒரே ஃப்ரீவீலாகத் திருகி மாட்டியிருப்பார்கள். அதனால் வலப்பக்கக் குண்டுகள் உள்ளே தள்ளிப்போய், ஆக்சில் நுனி தாங்கலில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். கனமான பிள்ளை கேரியரில் ஆளையும் ஏற்றிக்கொண்டு குழியில் இறக்கினால் அது வளையும், ஒருநாள் ஒடியும். ஷிமானோ கம்பெனி 1978இல் கொண்டுவந்த ஃப்ரீஹப்பில் குண்டுகள் ஆக்சிலின் ஓரத்துக்கே போய்விட்டதால் அந்தத் தொல்லை தீர்ந்தது. கியர் கட்டாயம் வேண்டும் என்றால் அந்த வகை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அது எட்டாயிரத்துக்கு வராது.

முப்பதாயிரம், நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டால் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் எடையைக் குறைக்கத்தான் போகும். உலகப் பந்தயங்களில் 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை அனுமதிப்பதில்லை என்று விதியே இருக்கிறது, அந்த அளவுக்குக் குறைத்துக் காட்ட முடியும். பந்தயம் ஓட்டுகிற பிள்ளைக்கு அது வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பையை வைக்கக் கேரியர் வேண்டும், சீருடையில் சேறு தெறிக்காமல் மட்கார்டு வேண்டும், நிறுத்த ஸ்டாண்டு வேண்டும், பாவாடையோ பேன்ட்டோ சிக்காமல் செயின் கவர் வேண்டும். லட்சம் ரூபாய்ச் சைக்கிளில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது.

சாமான் கிடைக்குமா என்பதையும் வாங்கும்போதே பார்க்க வேண்டும். டயரில் 26 என்று போட்டிருப்பதை நம்பிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தடித்த டயர்ச் சைக்கிளின் 26 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மில்லிமீட்டர், லேடீஸ் சைக்கிள் வகையில் 26க்கு 1 3/8 என்று வருவதற்கு 590. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் அந்த மூன்றிலக்க எண் அச்சடித்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டுபோய் உங்கள் ஊர் ரிப்பேர் கடையில், இந்த அளவு டயரும் டியூபும் வைத்திருக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ‘வரவழைத்துத் தருகிறேன்’ என்று பதில் வந்தால், டயர் தேய்ந்த பிறகு உங்கள் பிள்ளை எத்தனை நாள் நடந்து போக வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் போட்டு வீட்டுக்கு வரும் சைக்கிளை நீங்களே மாட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. இடது பெடலின் மறை தலைகீழ், இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். அது தெரியாமல் வலப்பக்கமாகப் பலங்கொண்ட மட்டும் திருகி, கிராங்கின் மறையை அழித்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள். ஃபோர்க்கைப் பின்பக்கம் பார்க்க மாட்டிய சைக்கிளும் வருகிறது, அதில் பிள்ளை ஏறி ஓட்டியும் இருக்கும். முந்நூறு நானூறு கூலி மிச்சம்பிடிக்க இதைச் செய்யாதீர்கள்.

உங்கள் வீட்டில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் இருந்தால் அதை விற்றுவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 11ஆம் வகுப்பில் அக்காவுக்கு வந்த சைக்கிளைக் ‘கவர்மெண்ட் சைக்கிள்’ என்று ஒதுக்கி, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுத் தம்பிக்கு ஷாக் வைத்தது வாங்கித் தருகிறார்கள். லட்சக்கணக்கில் கொடுப்பதால் அவசரத்தில் மாட்டியிருப்பார்கள், கம்பி தளர்ந்திருக்கும், கிரீஸ் போதாமல் இருக்கும், அது உண்மைதான். ஆனால் அமைப்பு சரியான அமைப்பு. ஒரு ஓவராயில், நல்ல பிரேக் கட்டை, புது ஒயர் போட்டால் வாசலில் மினுக்கும் அந்தப் புதுசைவிட நாள்பட ஓடும். பிள்ளைக்குப் பிடித்த கலரில் பெயிண்ட் அடித்துக் கொடுங்கள்.

பிள்ளையிடம் பேசுவது கஷ்டம், எனக்குத் தெரியும். கூட்டாளிகள் எல்லாரும் தடித்த டயரில் வரும்போது தான் மட்டும் சாதாச் சைக்கிளில் போவதா என்று அழும். அதட்டி வாயை அடைக்காதீர்கள். முதல்நாளே ஒரு ரிப்பேர் கடைக்குக் கூட்டிப்போங்கள், மெக்கானிக்கிடம் சொல்லி, கழற்றிப் போட்ட ஹப் ஒன்றைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கோனில் விரலை வைத்துத் தடவிப் பார்க்கட்டும். பதின்மூன்று பதினான்கு வயசுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

அப்புறம் கடைக்குப் போங்கள். சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் பிரேக் கட்டைக்கு நடுவே கோணாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஹப்பில் ஆட்டம் இருந்தால் கையில் தெரியும். கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்குங்கள், ஒன்று இறுக்கமாகவும் பக்கத்தது தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. பிரேக்கை முழுப் பலத்தோடு பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளிப் பாருங்கள். பின்னால் நின்று, இரண்டு சக்கரமும் ஒரே நேரில் நிற்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் பொறுமையாகப் பாருங்கள், பணம் உங்களுடையது.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. எட்டாயிரம் ரூபாய்ச் சைக்கிளில் ஏறக்குறைய ஐந்நூறு ரூபாய் மிச்சம். அந்த ஐந்நூறைப் பளபளப்பான சீட்டுக் கவருக்கும் மணிக்கும் கொடுக்காமல், சைக்கிளைப் பிள்ளை ஓட்டுவதற்கு முன்பே இரண்டு ஹப்பையும் பி.பி.யையும் ஹேண்டில் கப்பையும் கழற்றி நிறையக் கிரீஸ் வைத்து மாட்டக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்துக் கம்பி இறுக்க மறுபடி ஒருமுறை கொண்டுபோங்கள். புதுக் கம்பி முதல் மாதத்தில் தளரும், அப்போதே இறுக்கிவிட்டால் சக்கரம் கோணாது.

கடைசியாகக் கேட்பது இது. கடைக்காரர்களோடு நான் பேசியிருக்கிறேன். ‘நாங்க என்ன பண்றது, வர்றவங்க ஷாக் இருக்கா டிஸ்க் இருக்கான்னுதான் கேக்குறாங்க, சாதா வண்டிய இறக்குனா தூசி படிஞ்சு கெடக்குது’ என்கிறார்கள். கம்பெனிக்காரர்களும் இதையேதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை மாற்றுகிற சக்தி உங்கள் கையில்தான் இருக்கிறது. இந்த ஜூனில் கடைக்குள் நுழைந்ததும், ஷாக் இல்லாதது, டிஸ்க் இல்லாதது, அலுமினிய ரிம் போட்டது, ஹப் நன்றாக இருப்பது எது இருக்கிறது, காட்டுங்கள் என்று எல்லார் காதிலும் விழும்படி கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். போகும்போது எதற்காகப் போகிறீர்கள் என்பதை அவரிடம் சொல்லிவிட்டே போங்கள்.

அன்புடன்,
ஒரு சைக்கிள் மெக்கானிக்